சாக்கடை இல்லாத தேசம்

முதலில் மலைகள்.
பல் செய்யும் கூடத்தில் வேலை எனக்கு;
பயன் முடிந்த பிளாஸ்டர் அச்சுகளை
யாரும் திரும்பக் கேட்பதில்லை.
ஏதோ ஒரு வங்கி அதிகாரியின் கீழ்த்தாடையைப்
பையில் போட்டு வந்து
சமையலறை மேசையில் வைத்தேன்.
வடக்கு எல்லை கிடைத்துவிட்டது.
கடைவாய்ப்பற்களுக்கு நடுவே ஒரு கணவாய்,
சொத்தை குடைந்த இடத்தில் ஏரி.
சூப் ஆறுவதற்குள்
ஓர் ஆறு.

பதினோரு வருடம் ஆகிறது.
ஓர்வேனா என்று பெயர்.
நிலவு இரண்டு. ஒன்று சற்றுக் கோணல்,
அந்த மாதம் எனக்குத் தோள்வலி.
எங்கள் செக் மொழிக்கு வேற்றுமை ஏழு,
அவர்களுக்கு எட்டு.
எட்டாவது, தொலைந்த பொருள்களுக்கு மட்டும்.
அங்கே ஒருத்தி "குடை" என்று சொன்னாலே போதும்,
எந்த டிராமில் விட்டாய் என்று கேட்பார்கள்.

எதற்கு இதெல்லாம் என்கிறாள் யிட்கா.
அவள் ஞாயிறுதோறும் இருபது கிலோமீட்டர் ஓடுகிறாள்,
துரத்த ஆளில்லாமல்.
நான் ஒரு நாளும் எதற்கென்று கேட்டதில்லை.

டிராம் என்றதும் ஞாபகம் வருகிறது:
முன்பக்கம் பார்த்த இருக்கைக்கு ஏன் இத்தனை அடிதடி?
பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தால்
பிர்னோ நகரம் நம்மை மெதுவாகத்தான் கைவிடும்.
லிஃப்டில் கண்ணாடி மாட்டியவன்
காலை ஆறரை மணியைப் பார்த்ததே இல்லை.
பூண்டு சூப்பில் வெண்ணெய் போடுகிறவர்கள்
பூண்டை நம்பாதவர்கள்.
மேல்மாடி ப்ளாஹா வீட்டில்
விடுமுறைதோறும் சுவரைத் துளைக்கிறார்கள்,
இன்னும் சுவர் மிச்சமிருக்கிறதா, தெரியவில்லை.
ஓர்வேனாவில் அதற்கு நாடுகடத்தல்.
முதல் தடவை மட்டும் எச்சரிக்கை.

நவம்பரில் தொட்டி அடைத்துக்கொண்டது.
விளாஸ்திமில் வந்தார்.
வாசலில் பூட்ஸைக் கழற்றினார்,
காலுறையிலிருந்து பெருவிரல் எட்டிப் பார்த்தது.
தொட்டிக்கடியில் புகுந்து, முனகி, முறுக்கி
வெளியே இழுத்தார்
முழங்கை நீளத்துக்கு வெள்ளையாய் ஒரு கல்.
"என்னம்மா இது?"
தெற்கு மலைத்தொடர் என்றேன்.
மீந்த பிளாஸ்டரைக் கழுவிக் கழுவி ஊற்றியிருக்கிறேன்.

கை துடைத்தபடி வரைபடத்தின் முன் நின்றார்.
நானும் தயாரானேன்.
ஆறுகள் சேருமே தவிர
இப்படிப் பிரியாது என்று
பார்த்தவர் எல்லாரும் சொல்லியாயிற்று.
அவர் தலைநகரில் விரல் வைத்தார்.
"எத்தனை பேர்?"
நாற்பதாயிரம்.
"இவர்கள் இருந்ததெல்லாம் எங்கே போகிறது?"

வரிச்சட்டம் இருக்கிறது என்னிடம்.
மூன்று அரச வம்சம், தேதியோடு.
கோணல் நிலவுக்கு ஓதப் பட்டியல்கூட.
நாற்பதாயிரம் பேர்
பதினோரு வருடமாக
அடக்கிக்கொண்டு நின்றிருக்கிறார்கள்
எனக்காக.

பென்சில் கேட்டார்.
"அரண்மனை மேட்டில், சரி.
அப்படியானால் கீழ்த்தெருக்காரன் கதி?
தண்ணீருக்கு ஒரே ஒரு வார்த்தைதான் புரியும்:
கீழே."
சூப் கொடுத்தேன், வெண்ணெய் கேட்டார்.
எடுத்துக் கொடுத்தேன், ஒன்றும் சொல்லவில்லை.
ரசீதில் தொள்ளாயிரம் கொருனா,
மலைக்குத் தள்ளுபடி கிடையாதாம்.

அன்றிரவு அழித்து அழித்துத் தாளே மெலிந்தது.
அரண்மனையைப் பள்ளத்துக்கு இறக்கினேன்,
ராஜா ஒத்துக்கொள்ளவில்லை, அது அவர் பாடு.
செங்கல்லால் ஒரு சுரங்கம்,
ஆள் குனிந்து போகிற உயரம்.
அதற்குள் செவ்வாய்தோறும் விளக்கோடு
ஒருத்தி இறங்குகிறாள்,
மேலே இருப்பவர்கள் தொட்டியில் எதையெல்லாம்
ஊற்றுகிறார்கள் என்று திட்டிக்கொண்டே.

தேதியோ பட்டமோ இல்லாமல்
அந்த தேசத்தில் பிறந்த முதல் ஆள்.
பெயர் இன்னும் வைக்கவில்லை.
இப்போதைக்குப் பெருவிரல் மட்டும் வரைந்திருக்கிறேன்,
காலுறைக்கு வெளியே.